பெயர் போட்டுப் பாட இடமுள்ள பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எது நாட்டுப்புற இசை என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களாக நடந்துவரும் விவாதத்தை ஒரு வரி விடாமல் படித்துவருகிறேன். பாடியவர் யாரென்று தெரியாமல், ஏட்டிலும் அச்சிலும் ஏறாமல், உழைக்கும் மக்களின் வாய்வழியாக மட்டுமே வந்த பாட்டைத்தான் நாட்டுப்புறப் பாட்டென்று சொல்ல வேண்டும் என்று முதல் கட்டுரையாளர் எழுதினார். மக்கள் பாடுவதெல்லாம் நாட்டுப்புறப் பாட்டே, திரைப்பாட்டும் அதில் சேர்த்திதான் என்று மறுப்பு எழுதியவர் வாதிட்டார். ‘எல்லாப் பாட்டும் மக்கள் பாட்டுத்தான், குதிரை பாடி நான் கேட்டதில்லை’ என்று அமெரிக்க இசைக் கலைஞர்கள் இரண்டு மூன்று பேரின் பெயரில் உலவுகிற வேடிக்கைப் பேச்சையும் அவர் துணைக்கு அழைத்திருந்தார். இருவர் எழுத்திலும் உழைப்பு தெரிகிறது. ஆனால் ஒருவர் பாட்டு எங்கே பிறந்தது என்று பார்க்கிறார், மற்றவர் எத்தனை பேர் பாடுகிறார்கள் என்று எண்ணுகிறார். பாடுகிற வாய் அந்தப் பாட்டை என்ன செய்கிறது என்பதை இருவருமே பார்க்கவில்லை. செட்டிநாட்டுப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், பாடத் தெரிந்த ஒரு தாய்க்குப் பாடத் தெரியாத மகள் என்ற முறையிலும் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு இப்பகுதிப் பள்ளி ஒன்றில் நாட்டுப்புறப் பாடல் போட்டிக்கு நடுவராக அழைத்திருந்தார்கள். நடுவர்கள் மூன்று பேர். எங்கள் கையில் கொடுத்த தாளில் ‘உடை, தாளக்கட்டு, பாரம்பரியம், மேடைத் தோற்றம்’ என்று நான்கு கட்டங்கள் இருந்தன. குரலுக்குக் கட்டம் இல்லை. கண்டாங்கிச் சேலையைக் கெண்டைக்கால் தெரியக் கட்டிக்கொண்டு, இடுப்பில் பித்தளைக் குடம் வைத்துக்கொண்டு, ஒலிப்பெட்டியில் ஓடிய இசைக்கு ஏற்பத் திரைப்பாட்டு ஒன்றை எழுத்துப் பிசகாமல் பாடிய மாணவிக்கு முதல் பரிசு கிடைத்தது. நன்றாகவே பாடினாள், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு முன்னால், பள்ளிச் சீருடையோடு வந்து, பக்கமேளம் எதுவும் இல்லாமல், தரையைப் பார்த்தபடி எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு தாலாட்டுப் பாடினாள். அதில் இரண்டு வரி இது:

துபாய்ச் சீமையிலே தூக்கமில்லா ராத்திரியில்
அப்பா அனுப்பிவிட்ட செல்லுப்படம் பாத்துறங்கு

இந்த வரியைக் கேட்டதும் எனக்கு அடுத்திருந்த நடுவர் பேனாவை எடுத்துப் பாரம்பரியக் கட்டத்தில் சுழி போட்டார். செல்போன் வருகிற பாட்டு எப்படி நாட்டுப்புறப் பாட்டாகும் என்று கேட்டார். அவருக்கு என்னால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. காரணம், அந்த வரியின் எலும்புக்கூட்டை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எனக்குத் தெரியும், அந்த அதிர்ச்சியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

என் அம்மா பள்ளத்தூரில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடொன்றில் வேலை பார்த்தவர். அந்த வீட்டுக் கைக்குழந்தையைத் தூங்க வைப்பது பகலில் அவர் பொறுப்பு. இரண்டாங்கட்டில் தொங்கிய மரத்தொட்டிலின் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, முறத்தில் அரிசி புடைத்தபடியே பாடுவார். புடைப்பதும் ஆட்டுவதும் வேறு வேறு காலத்தில் நடக்கும், பாட்டு தொட்டிலோடுதான் போகும். அரிசி அதன் பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கும். அந்த வீட்டு ஆச்சி பாடக் கேட்டுக் கேட்டுப் பழகிய பாட்டு அது.

பர்மாத் தேக்கறுத்துப் பட்டணத்துக் கப்பலேத்தி
ஐயா அனுப்பிவிட்ட அழகுத்தொட்டில் கண்ணுறங்கு

பொழுது சாய்ந்து எங்கள் வீட்டுக்கு வந்தபின் என் தம்பியைத் தூங்க வைக்கவும் இதே பாட்டுத்தான். எங்கள் வீட்டில் பர்மாவும் இல்லை, தேக்கும் இல்லை, எதையும் அனுப்புகிற ஐயாவும் இல்லை. அதனால் அம்மா இப்படிப் பாடினார்:

பழஞ்சேல ரெண்டெடுத்துப் பக்குவமா மடிச்செடுத்து
ஆத்தா கட்டிவிட்ட அழகுத்தூளி கண்ணுறங்கு

மெட்டு அதுவே, மோனை அதுவே, ‘விட்ட’ என்று இழுத்து நிற்கிற இடமும் அதுவே. ஐயா இருந்த இடத்தில் ஆத்தா உட்கார்ந்தார், தொட்டில் இருந்த இடத்தில் தூளி தொங்கியது. மாற்றிப் பாடியதை அம்மா ஒரு செயலாகவே நினைக்கவில்லை. கல்லூரிக்குப் போன பிறகு, ஏன் மாற்றினீர்கள் என்று நான் ஒருநாள் கேட்டபோது, ‘இல்லாததப் பாடுனா புள்ள எப்படித் தூங்கும்’ என்றார்.

விவாதத்தின் முதல் கட்டுரையாளரிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். இந்த மூன்று பாட்டில் எது நாட்டுப்புறப் பாட்டு? ஆச்சி பாடியது வட்டித்தொழில் செய்த செல்வர் வீட்டுப் பாட்டு, ஆகவே ‘உழைக்கும் மக்களின் வாய்வழி’ என்ற அவருடைய அளவுகோலில் அது தோற்றுவிடும். அம்மா பாடியது தேறும். அப்படியானால், அதே நாளில், அதே வாய், பெரிய வீட்டில் பாடியபோது நாட்டுப்புறப் பாட்டாக இல்லாததைத் தன் வீட்டில் பாடியபோது நாட்டுப்புறப் பாட்டாக்கிவிட்டதா? துபாய்ப் பாட்டு எந்தக் கணக்கில் சேரும்?

பழமைதான் அளவுகோல் என்பவர்கள் அந்தப் பர்மா வரியைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகுதான் நகரத்தார் அங்கே பெருவாரியாகக் கொண்டுவிற்க, அதாவது வட்டித்தொழிலும் வணிகமும் செய்யப் போனார்கள். 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது கப்பல் கிடைத்தவர்கள் கப்பலிலும் கிடைக்காதவர்கள் கால்நடையாகவும் திரும்பினார்கள். எஞ்சியிருந்த தொழிலும் 1960-களில் அங்கே எல்லாம் அரசுடைமையானபோது முடிந்தது. ஆக, இந்த வரிக்கு இருநூறு ஆண்டு வயதுகூடச் சொல்ல முடியாது. இதை முதன்முதலில் பாடிய ஆச்சியின் காலத்தில் ரங்கூன் கப்பல் என்பது இன்றைய துபாய் விமானம்போலப் புத்தம் புதிய சரக்கு. ‘கப்பல் வருகிற பாட்டு எப்படித் தாலாட்டாகும்’ என்று அன்று யாரும் சுழி போடவில்லை, போட்டிருந்தால் இன்று நமக்குப் பாரம்பரியம் என்று காட்ட அந்த வரி கிடைத்திருக்காது. என் அம்மா பெரிய வீட்டில் பாடிய காலத்தில் அந்த வீட்டுக்குப் பர்மாவில் ஒரு செங்கல்கூட மிஞ்சவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கப்பல் பாட்டில் மட்டும் வந்துகொண்டிருந்தது. துபாய்ப் பாட்டு அந்த வகையில் ஆச்சியின் பாட்டைவிட உண்மையானது. அந்தப் பெண்ணின் அப்பா உண்மையிலேயே அங்கேதான் இருக்கிறார்.

போட்டி முடிந்தபின் அந்தப் பெண்ணின் அப்பத்தாவைத் தேடிப் போய்ப் பார்த்தேன். கண்மாய் மேட்டுத் தெருவில் வீடு. அவர் நான் அறிந்த வரியை இன்னும் இரண்டு விதமாகப் பாடிக் காட்டினார்: ஒன்று கொழும்புக்குப் போன மாமனுக்கு, ஒன்று சிங்கப்பூருக்குப் போன மூத்த மகனுக்கு. அடுத்து எந்த ஊர் வரும் என்று கேட்டேன். ‘புள்ளையோட அப்பன் எங்க இருக்கானோ அந்த ஊருதான்’ என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

இதைத்தான் நான் அளவுகோலாக வைக்கச் சொல்கிறேன். பாடுகிறவர் தன் வீட்டுப் பெயரை, தன் ஊர்ப் பெயரை, தன் துக்கத்தை அந்தப் பாட்டுக்குள் போட்டுப் பாட இடம் இருக்கிறதா? அப்படிப் போட்டுப் பாடுவதை, கேட்கிறவர்கள் பிழையென்று திருத்தாமல் ஏற்கிறார்களா? இரண்டும் இருந்தால் அது நாட்டுப்புறப் பாட்டு. யார் எழுதினார், எந்த ஆண்டு, எந்தச் சாதி வீடு, அச்சேறியதா என்பதெல்லாம் அறிய வேண்டிய செய்திகள்தான், ஆனால் சேர்த்தி சொல்லவோ தள்ளிவைக்கவோ அவை போதாது. ‘யார் அடிச்சு நீ அழுத’ என்ற தாலாட்டைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. அதில் மாமன் அடிப்பது ஓரூரில் மல்லிகைப்பூச் செண்டால், இன்னோரூரில் அல்லிப்பூச் செண்டால். அத்தை அரளிப்பூச் செண்டால் அடிக்கிற ஊரும் உண்டு, அமுதூட்டும் கையால் அடிக்கிற ஊரும் உண்டு. நாத்தனார் உறவு எப்படி என்பதைப் பொறுத்து அத்தை கையில் எந்தப் பூ என்பது முடிவாகும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இதில் எது மூலபாடம் என்று தேடுவது வீண் வேலை.

ஆசிரியர் பெயர் தெரியக்கூடாது என்ற விதியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. காவடிச் சிந்து ஒன்றே போதும். அதைச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மீது பாடினார் என்பது தமிழ் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், அச்சிலும் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகிற எங்கள் பகுதிக் கூட்டத்தில் அந்த நடையில் பாட்டுக் கட்டிக்கொண்டு போகிறவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. நெற்குப்பை, குன்றக்குடி, நத்தம் என்று கால் படுகிற ஊரெல்லாம் பாட்டில் ஏறிக்கொண்டே போகும். கொப்புளம்கூட ஏறும்.

எழுத்தில் ஏறக்கூடாது என்ற விதியும் இப்படித்தான். கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்து, பின்னர் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக ஆன களஞ்சியத்தில், காலணா அரையணாவுக்குத் தெருவில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. தாலாட்டும் கும்மியும், நடந்த கொலைகளைக் கதையாகப் பாடும் கொலைச் சிந்தும் அப்படி அச்சாகி ஊர்ஊராகப் போனவைதாம். படிக்கத் தெரிந்த ஒருத்தி உரக்கப் படிப்பாள், சுற்றியிருப்பவர்கள் காதால் பிடித்துக்கொள்வார்கள், ஒரு வாரத்தில் அந்தப் புத்தகத்துக்கும் பாட்டுக்கும் உறவு விட்டுப்போகும். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவின் பாட்டில் பாதி, யார் வீட்டிலோ இருந்த அச்சுப் புத்தகத்திலிருந்து புறப்பட்டு வந்திருந்தாலும் எனக்கு வியப்பில்லை. அதனால் பாட்டின் மதிப்புக் குறையவும் குறையாது.

முதல் கட்டுரையாளர் 1954-ஆம் ஆண்டு அனைத்துலக நாட்டுப்புற இசை மன்றம் பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரில் ஏற்ற வரையறையை எடுத்துக் காட்டியிருந்தார். ஆனால் பாதியைத்தான் காட்டினார். வாய்வழியாகக் கைமாறி வளர்ந்த மரபு என்பது அதன் முதல் வாக்கியம். அதைத் தொடர்ந்து மூன்று கூறுகள் சொல்லப்பட்டன: பழையதோடு இணைக்கும் தொடர்ச்சி, தனியாளோ குழுவோ படைக்கும் உந்துதலால் செய்கிற மாற்றம், எந்த வடிவம் நிலைக்கும் என்பதைச் சமூகம் முடிவு செய்கிற தேர்வு. இவற்றை இங்கிலாந்தில் நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்த செசில் ஷார்ப் 1907-இலேயே எழுதிவிட்டார். அதோடு, தனி ஒருவர் இயற்றி, பின்னர் ஒரு சமூகத்தின் எழுதா வழக்கில் கரைந்துவிட்ட இசையையும் இந்தப் பெயரால் அழைக்கலாம் என்று அதே வரையறை சொல்கிறது. இயற்றிய வெகுமக்கள் இசையை அப்படியே எடுத்துக்கொண்டு மாற்றாமல் பாடினால் அது இதில் சேராது என்றும் சொல்கிறது. அதாவது, சமூகம் பாட்டைத் திரும்பவும் வனைவதுதான் அதற்கு நாட்டுப்புறத் தன்மையைத் தருகிறது என்பது அவர்கள் முடிவு. அந்த மன்றம் 1981-இல் தன் பெயரிலிருந்தே ‘நாட்டுப்புற’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘மரபிசை’ என்று வைத்துக்கொண்டது என்பது தனிக்கதை. என் அம்மாவின் பழஞ்சேலைக்கும் சாவோ பாலோவுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, ஆனாலும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சிதான்.

இந்த அளவுகோல் மறுப்புக் கட்டுரையாளருக்கும் ஒரு பதில் சொல்கிறது. திரைப்பாட்டை முற்றாகத் தள்ளிவிட வேண்டியதில்லை என்று அவர் சொல்வது சரி. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவின்போதும், சுற்றுப்பட்டு ஊர்களின் முளைப்பாரியின்போதும் இரவில் போய் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். முளைப்பாரி ஓடுகளை நடுவில் வைத்துவிட்டுச் சுற்றி வந்து கும்மி கொட்டுகிற பெண்கள், பழைய மெட்டு நான்கு பாடினால் அடுத்தது ஒரு திரைப்பாட்டின் மெட்டாக இருக்கும். காதலியை வருணிக்கிற பாட்டின் மெட்டில் அம்மனுக்குக் கண்மலர் சாத்துவார்கள். ஊர்ப் பெயர் வரும், அந்த ஆண்டு மழை பெய்யாதது வரும், விதை முளைக்காத வீட்டுக்காரியைப் பற்றி ஒரு குத்தலும் வரும். படத்தில் அந்த மெட்டுக்கு இசையமைத்தவர் யாரென்று அங்கே யாருக்கும் அக்கறையில்லை. அந்த இரவில், அந்த வட்டத்துக்குள், அது நாட்டுப்புறப் பாட்டு என்று நான் தயங்காமல் சொல்வேன். அதே மெட்டை, ஒலிப்பெட்டியின் கட்டளைக்கு உட்பட்டு, ஒரு மூச்சுக்கூட முன்பின் ஆகாமல் பாடுவது நல்ல பயிற்சி. பரிசும் கொடுக்கலாம், ‘திரைப்பாடல்’ என்ற பிரிவில். எங்கள் மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயி அம்மாவின் குரல் 1985-இல் திரைப்படத்தில் ஒலித்தபோது இப்பகுதியே பூரித்தது. அந்தப் பதிவு அப்படியே உறைந்து நிற்கிறது, நிற்க வேண்டியதுதான். அதை ஒரு மாணவி பதிவு கெடாமல் நகலெடுத்துப் பாடினால் கருப்பாயி அம்மாவின் குரலைப் படிக்கிறாள், கருப்பாயி அம்மா செய்ததைச் செய்யவில்லை.

தாளக்கட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பறையோ உறுமியோ நையாண்டி மேளமோ இல்லாவிட்டால் நாட்டுப்புற இசை இல்லை என்ற எண்ணம் மேடையும் தொலைக்காட்சியும் கொண்டுவந்தது. பாரதியார் குயில் பாட்டில் தம் மனத்தைப் பறிகொடுத்த பாட்டுகளை வரிசையாகச் சொல்கிறார்: ஏற்றம் இறைப்போர் பாட்டு, நெல் குத்தும் பெண்களின் ‘குக்கு’ ஒலி, சுண்ணம் இடிப்போர் பண், பண்ணைப் பெண்கள் பாட்டு, வட்டமிட்டுக் கைகொட்டும் கும்மி. குழலும் வீணையும் இவற்றுக்குப் பிறகு தனியாகத்தான் வருகின்றன, இந்தப் பாட்டுகளில் பக்கவாத்தியத்துக்கு இடமே இல்லை. உலக்கையும் கையும் ஏற்றக் கயிறும்தான் தாளம். 1919-இல் காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் வந்துபோன அவர் இங்குள்ள சுண்ணாம்புக் காளவாசல் பக்கம் போனாரா என்று எனக்கு ஓர் ஆசைக் கேள்வி உண்டு. முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசிய எங்கள் பக்கத்துச் சுவர்களை, கண்ணாடிபோல் இருக்கிறதென்று தடவிப் பார்க்க இன்று வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அந்தச் சுண்ணாம்பை இடித்தவர்களில் என் அம்மாவின் அம்மாவும் ஒருவர். இடிக்கும்போது பாடுவார்களாம். அதில் ஒரு வரிகூட அம்மாவுக்கு நினைவில்லை. வேலை நின்றதும் பாட்டும் நின்றுவிட்டது. தாலாட்டைப்போல அதற்குப் போக வேறு வீடு இல்லை.

இராகம் இருந்தால் சாஸ்திரிய சங்கீதம், இல்லாவிட்டால் நாட்டுப்புறம் என்று நடுவே ஒரு வாசகர் எழுதியிருந்தார். மணிவாசகர் பொற்சுண்ணமும் அம்மானையும் பொன்னூசலும் பாடியது பெண்கள் விளையாட்டிலும் வேலையிலும் பாடிய வடிவங்களை எடுத்துத்தான், இளங்கோவடிகள் ஆய்ச்சியர் குரவையையும் ஊசல்வரியையும் வள்ளைப்பாட்டையும் எடுத்ததும் அங்கிருந்துதான். புன்னாகவராளியும் நாதநாமக்கிரியையும் செஞ்சுருட்டியும் எந்தத் திண்ணையிலிருந்து கச்சேரி மேடைக்கு ஏறின என்பதைச் சங்கீதம் தெரிந்தவர்களே ஒப்புக்கொள்வார்கள். குன்றக்குடி வைத்தியநாதன் வயலினைக் கேட்டு வளர்ந்த எங்கள் பகுதிக்காரர்களுக்கு இந்த வேலி ஒருபோதும் பெரிதாகத் தெரிந்ததில்லை.

இனி ஒப்பாரி. இதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் ஒப்பாரியை யாரும் ‘பாடுவது’ இல்லை. ஒப்பாரி வைப்பார்கள், அல்லது சொல்லி அழுவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு அம்மாவிடம் வந்தார். தாலாட்டும் கும்மியும் திண்ணையிலேயே பாடி முடித்தார் அம்மா. ஒப்பாரி என்றதும் எழுந்துவிட்டார். விளக்கு எரிகிற வீட்டில் அதை வாயால் சொல்லக்கூடாது என்பது அவர் பிடிவாதம். மாணவர் விடவில்லை. கடைசியில் மூன்று பேருமாகக் கண்மாய்க் கரைக்குப் போனோம். ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, யாருக்காக என்று மாணவரைக் கேட்டார். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. ‘பொதுவாக ஒன்று சொல்லுங்கள்’ என்றார். பொதுவாக ஒப்பாரி கிடையாது என்று அம்மா அவருக்கு விளக்கவில்லை. சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, வயிற்றுவலியில் இருபது வயதில் போன தன் அண்ணன் பெயரைச் சொல்லித் தொடங்கினார். நான் பிறப்பதற்கு முன்பே இறந்த அந்த மாமாவுக்கு மஞ்சள் பிடிக்காது என்பதும், ஐயனார் கோயில் குதிரை எடுப்புத் திருவிழாவுக்கு வாங்கிய புதுவேட்டியை அவர் கட்டாமலே போனார் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாதியில் அழுகை நிஜமாகவே வந்து, சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டார். வீடு திரும்புமுன் கண்மாயில் முங்கிவிட்டு ஈரச்சேலையோடு நடந்துவந்தார்.

சில ஆண்டுகள் கழித்து அந்த ஒப்பாரியைத் தட்டச்சுப் படியில் பார்த்தேன். அண்ணன் பெயர் வருகிற ஐந்து இடத்திலும் வெறும் ‘அண்ணன்’ என்று திருத்தியிருந்தது. வேட்டி வரியையும் மஞ்சள் வரியையும் காணவில்லை. ‘தனிப்பட்ட செய்திகள் நீக்கப்பட்டன’ என்று அடியில் ஒரு குறிப்பு. பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தகவலாளி, பெண், வயது 50’ என்று இருந்தது. அந்த மாணவர் கெட்டவர் அல்லர், அக்காலத்தில் அப்படித்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் அச்சில் மிஞ்சியது எந்த வீட்டிலும் யாருக்கும் வைக்காத ஒப்பாரி. நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை என்று நாம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதில் எவ்வளவு நம்முடைய கைவேலை என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம்.

பெயர் எது என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. பாட்டுகளைத் தொகுத்த கி.வா.ஜ. (கி.வா. ஜகந்நாதன்) காலத்தில் ‘நாடோடிப் பாடல்’ என்றார்கள், ஆய்வாளர் நா. வானமாமலை ‘நாட்டுப் பாடல்’ என்றார், பின்னர் ‘நாட்டுப்புற’, ‘நாட்டார்’, ‘மக்கள் இசை’ என்று வந்தன. எங்கள் பக்கத்தில் நாட்டார் என்றால் கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொள்கிறவர்கள் நினைவுக்கு வருவார்கள். நாட்டுப்புறம் என்பது விவரம் தெரியாதவர்களைத் திட்டுகிற சொல். பாடுகிறவர்கள் யாரும் இதில் ஒன்றையும் தங்கள் பாட்டுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு, நடவுப்பாட்டு என்று அததன் பெயரைச் சொல்வார்கள், அது போதுமானதாகவே இருக்கிறது.

தங்கள் இணைப்பில் வாரந்தோறும் வெளியாகும் பாட்டுகளுக்கு ஒரு சிறு மாற்றத்தை வேண்டுகிறேன். ‘செட்டிநாட்டு நாட்டுப்புறப் பாடல்’ என்று மொத்தமாகத் தலைப்பிடாமல், பாடியவர் சம்மதித்தால் அவர் பெயரையும் ஊரையும், எந்த நேரத்தில் யாருக்காகப் பாடினார் என்பதையும், அவர் தாம் கேட்டபடியே பாடினாரா அல்லது மாற்றினாரா என்பதையும் இரண்டு வரியில் சேர்த்து அச்சிட வேண்டும். சொந்தப் பெயர்கள் வருகிற வரிகளை, வீட்டார் மறுத்தாலொழிய, வெட்டக்கூடாது. கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலைக்கு நீளம், கரை, நூல் என்று இலக்கணம் எழுதி முத்திரை குத்த முடியும், குத்தியதால் நெசவாளர்களுக்குப் பயனும் உண்டு. அதே வேகத்தில் செட்டிநாட்டுத் தாலாட்டுக்கும் ‘அசல் வடிவம்’ என்று ஒன்றை நிறுத்திவிட வேண்டாம் என்பதே என் கவலை.

அந்தப் பள்ளியிலிருந்து இந்த ஆண்டும் நடுவராக வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. ‘பாரம்பரியம்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ‘இந்தப் பாட்டை யாரிடம் கேட்டாய், நீ எதை மாற்றினாய்’ என்று ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்க இரண்டு நிமிடம் ஒதுக்கினால் வருகிறேன் என்று பதில் எழுதியிருக்கிறேன். நிகழ்ச்சி நிரலில் நேரம் இருக்குமா என்று பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்